கட்டி எடுத்தாயிற்று, களைப்புக்கு யார் பொறுப்பு?

குளுவாங்கில் ஒருவருக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி இருப்பது தெரியவந்தால், அவர் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். சாலையின் இரு ஓரமும் கண்ணுக்குப் படாமல் மோட்டார் சைக்கிளில் தடுமாறுவார். அல்லது மாதவிலக்கு நின்றுபோகும். அல்லது எந்த மாத்திரைக்கும் அடங்காத தலைவலி. என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் பார்ப்பார்கள், பிறகு மூளை நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்புவார்கள். மூக்குத் துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியை எடுத்துவிடுவார்கள். முகத்தில் தழும்புகூட இராது. பார்வை தெளியும், அடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருக்கும், குடும்பம் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு நிம்மதியாகும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஓராண்டு ஆன பின்பும் பாதி நாளில் உடம்பு ஓய்ந்துபோகிறது, வயிறு மட்டும் பெருக்கிறது, கைகால் சூம்புகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வீட்டில் சோம்பல் என்கிறார்கள், வேலையிடத்தில் எம்.சி. எடுக்கும் ஆள் என்கிறார்கள், கிளினிக்கில் வயது என்கிறார்கள். இவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான காரணம் வளர்ச்சி ஹார்மோன் சுரக்காமல் போனதுதான். அந்தக் குறையை முறையாகச் சோதித்து, உறுதியானவர்களுக்குக் காலவரம்பு வைத்து அந்த ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்தால் தொடர்வதும் தெரியாவிட்டால் நிறுத்துவதும் அரசு மருத்துவத்தின் கடமை என்பது என் வாதம். இது ஆடம்பரச் சிகிச்சை என்ற எண்ணம் தவறு. கேட்டவருக்கெல்லாம் கொடுக்கலாம் என்பதும் அதே அளவு தவறு.

பிட்யூட்டரி ஏறக்குறைய அரை கிராம் எடையே உள்ள சுரப்பி. மூளையின் அடிப்புறத்தில், எலும்புக் குழியொன்றில் உட்கார்ந்துகொண்டு தைராய்டு, அட்ரீனல், சூலகம், விந்தகம் ஆகியவற்றை அதுதான் வேலை வாங்குகிறது. கட்டி அழுத்தினாலும், அறுவையில் சுரப்பித் திசு சேதப்பட்டாலும், கதிர்வீச்சு கொடுத்தாலும் இந்த ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகக் குறையலாம். பெரும்பாலும் முதலில் போவது வளர்ச்சி ஹார்மோன். பிறகு பாலின ஹார்மோன்களைத் தூண்டுபவை, அதன்பின் தைராய்டையும் அட்ரீனலையும் தூண்டுபவை. கதிர்வீச்சுக்குப் பிறகு இந்த இழப்பு சில ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால் முதல் ஆண்டுச் சோதனை சரியாக இருந்தது என்பதற்காகக் கோப்பை மூடிவிட முடியாது. முதலில் போவதைக் கடைசியில் தேடுகிறோம் என்பது இங்குள்ள முரண். உயிர் காக்கும் ஹார்மோன்களுக்கு முன்னுரிமை தருவது நியாயம்தான். ஆனால் முன்னுரிமைப் பட்டியலின் அடியில் இருப்பது பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறது. பந்து விளையாட்டுப் பிரியர்களுக்கு லியோனல் மெஸ்ஸி சிறுவயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட கதை தெரியும். ஆகவே இது பிள்ளைகள் உயரமாவதற்கான மருந்து, ஐம்பது வயதுக்காரருக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். உயரம் நின்ற பிறகும் உடல் இதைச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. தசையைக் காப்பதும், வயிற்றுக் கொழுப்பைக் கரைப்பதும், எலும்பைப் புதுப்பிப்பதும் அதன் வாழ்நாள் வேலை.

இதற்குச் சான்று என்ன? 1989இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் குழு ஒன்று, இந்தக் குறை உள்ள 24 பெரியவர்களை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்கு வளர்ச்சி ஹார்மோன், மறு பாதிக்கு வெறும் போலி ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆறு மாத முடிவில் ஹார்மோன் பெற்றவர்களுக்குக் கொழுப்பல்லாத உடற்பகுதி சராசரியாக 5.5 கிலோ கூடியிருந்தது; கொழுப்பு 5.7 கிலோ குறைந்திருந்தது. அதாவது எடை எந்திரத்தில் ஏறி நின்றிருந்தால் ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் எடையைப் பார்த்து ‘அப்படியேதான் இருக்கு’ என்று எழுதிவிடும் நம் வழக்கத்துக்கு இது நல்ல பாடம். அடுத்த ஆண்டு சுவீடனிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கவலையளித்தது. ரோசனும் பெங்ட்சனும் பிட்யூட்டரி செயலிழந்த 333 பேரின் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். மற்ற ஹார்மோன்களுக்கு அன்றைய வழக்கப்படி மருந்து பெற்றவர்கள், வளர்ச்சி ஹார்மோன் கிடைக்காதவர்கள். பொதுமக்களைவிட இவர்கள் இதயநோயால் ஏறத்தாழ இரு மடங்கு இறந்திருந்தார்கள். எலும்பு முறிவும் இத்தகையவர்களிடம் கூடுதல் என்று பிற்பாடு வேறு ஆய்வுகள் காட்டின.

இந்தச் சான்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இதய இறப்பு கூடியதற்கு வளர்ச்சி ஹார்மோன் இல்லாமை மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. அந்தக் காலத்தில் கார்ட்டிசோன் மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள், கதிர்வீச்சும் தாராளமாகக் கொடுத்தார்கள், பெண்களுக்குப் பாலின ஹார்மோனைப் பெரும்பாலும் கொடுக்கவே இல்லை. ஊசி போட்டால் ஆயுள் கூடும் என்று நிரூபிக்கும் பெரிய, போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு இன்றுவரை நடக்கவில்லை, நடப்பதும் கடினம். உடலமைப்பு மாறும், கெட்ட கொழுப்பு குறையும், எலும்பின் அடர்த்தி சில ஆண்டுகளில் கூடும், பலருக்கு ஊக்கமும் மனநிலையும் தேறும் என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் போகிற விளம்பர வாக்கியம் எதையும் நம்ப வேண்டாம். மனநிலை தேறுவதில்கூட ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் உண்டு. சிலருக்கு வாழ்க்கையே திரும்பக் கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. என் வாதம் நிற்கும் இடமே இந்த வித்தியாசம்தான்: யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத மருந்தை, கொடுத்துப் பார்த்து முடிவு செய்வதுதான் அறிவுடைமை.

நம் ஊரில் இது ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனங்களைவிட அதிகம். தொந்தி, களைப்பு, கூடிய கொழுப்பு, கொஞ்சம் ஏறிய சர்க்கரை ஆகியவற்றோடு ஒரு தமிழர் கிளினிக்குக்குள் நுழைந்தால், மருத்துவரின் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. சோற்றைக் குறையுங்கள், லம்பாக் மலையடிவாரத்தில் காலையில் நடங்கள் என்பார். நல்ல அறிவுரைதான். ஆனால் இதே நான்கு அறிகுறிகளும் வளர்ச்சி ஹார்மோன் குறையின் அடையாளமும்கூட. பிட்யூட்டரி அறுவை ஆன ஒருவருக்கு இவை வரும்போது, ‘இனிப்புநீர்க் குடும்பம், வேறென்ன’ என்று கடந்துபோனால் ஒரு நோய் இன்னொரு நோயின் நிழலில் மறைந்துவிடும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது இன்னொரு தலைவலி. அறுவை மருத்துவரின் பொறுப்பு கட்டியோடு முடிகிறது. கிளினிக்கின் பொறுப்பு சர்க்கரையிலிருந்து தொடங்குகிறது. நடுவே இருக்கும் இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் சீராகச் சுரப்பதில்லை. அலை அலையாக, பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கிறது. பகலில் ஏதோ ஒரு வேளை இரத்தம் எடுத்து அளந்தால் நல்ல உடம்புக்காரருக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றுதான் வரும். தனியார் ஆய்வுக்கூடங்கள் விற்கும் ‘முழு ஹார்மோன் பேக்கேஜ்’ பட்டியலில் இதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்களும் உண்டு, தெம்படைகிறவர்களும் உண்டு, இரண்டுக்கும் பொருளில்லை. ஐஜிஎஃப்-1 என்னும் சோதனை இதைவிட நிலையானது. ஆனாலும் குறை உள்ளவர்களிலேயே கணிசமானவர்களுக்கு அது இயல்பான அளவில் இருந்துவிடும். சரியான வழி, சுரப்பியைத் தூண்டிப் பார்ப்பது. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கி, அந்த நெருக்கடியில் பிட்யூட்டரி எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பது பழைய, நம்பகமான முறை. பக்கத்திலேயே மருத்துவர் நிற்க வேண்டும்; இதயநோயோ வலிப்போ உள்ளவருக்குச் செய்யக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்குக் குளுக்ககான் ஊசிச் சோதனை இருக்கிறது. அதிலும் ஒரு சூட்சுமம்: உடல் பருமனே இந்த ஹார்மோனின் எழுச்சியை அமுக்கிவிடும். பருத்த உடலினருக்கு வரம்பைக் குறைத்துக் கணக்கிடாவிட்டால் நோயில்லாதவருக்கும் நோய்ப்பட்டம் கட்டிவிடுவோம். தொந்தி மலிந்த நம் சமூகத்தில் இது சின்ன விஷயமல்ல. ஒரு நல்ல சேதியும் உண்டு. பிட்யூட்டரியின் வேறு மூன்று ஹார்மோன்கள் ஏற்கெனவே அற்றுப்போயிருந்து, ஐஜிஎஃப்-1உம் குறைவாக இருந்தால், தூண்டல் சோதனையே தேவையில்லை என்று பன்னாட்டு வழிகாட்டிகள் ஒப்புக்கொள்கின்றன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள்தாம் அந்தப் பிரிவில் வருவார்கள். அவர்களை ஜொகூர் பாருவுக்கு அலையவிடாமல் குளுவாங்கில் எடுத்த இரத்தத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

சிகிச்சையில் வரிசை மாறினால் ஆபத்து. அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன் போயிருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்து நிலைப்படுத்த வேண்டும். அதன்பின்தான் தைராக்சின், அதன்பின் பாலின ஹார்மோன்கள், கடைசியில்தான் வளர்ச்சி ஹார்மோன். வளர்ச்சி ஹார்மோன் உடலுக்குள் கார்ட்டிசோல் உருவாவதைக் குறைக்கும் தன்மையுடையது. எல்லைக்கோட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த அட்ரீனல் குறையை அது வெளியே இழுத்துவிடும். தைராய்டு அளவையும் இறக்கிக் காட்டும். ஆகவே தொடங்குவதற்கு முன்பும் தொடங்கிய பிறகும் இவ்விரண்டையும் அளக்காமல் இந்த ஊசியைத் தொடக் கூடாது. இங்கே ஒரு கிளைப்பேச்சு, ஆனால் அவசியமானது. நம் மக்களிடையே ஸ்டீராய்டு என்றாலே அச்சம். முகம் வீங்கும், எலும்பு உருகும் என்று யாராவது சொல்ல, மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். விரத நாளில் தள்ளிவைக்கிறார்கள். உடலில் சுரக்க வேண்டியது சுரக்காததால் அதே அளவை ஈடு செய்யும் மாத்திரை இது. வேறு நோய்களுக்குக் கொடுக்கும் பெரிய அளவு ஸ்டீராய்டோடு இதைக் குழப்பக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே மருத்துவமனையில் ஊசி போட வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். களைப்பைப் போக்கும் மருந்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்த ஒன்று தவறினால் மற்றதெல்லாம் வீண்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு செலவு. சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளி வாங்கும் அரசு மருத்துவமனை, வாழ்நாள் முழுவதும் தினம் போடும் விலைகூடிய ஊசியைக் கொடுக்க முடியுமா? இதற்கு இங்கிலாந்து 2003இல் கண்டுபிடித்த விடை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்நாட்டின் மருத்துவச் செலவு மதிப்பீட்டு நிறுவனமான நைஸ் மூன்று நிபந்தனைகள் விதித்தது: தூண்டல் சோதனையில் கடுமையான குறை உறுதியாக வேண்டும், வேறு பிட்யூட்டரி ஹார்மோனுக்கு ஏற்கெனவே சிகிச்சை நடந்துகொண்டிருக்க வேண்டும், வாழ்க்கைத் தரம் கெட்டிருப்பதை 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில் 11 அல்லது அதற்கு மேற்பட்ட ‘ஆம்’ காட்ட வேண்டும். மருந்து தொடங்கி ஒன்பது மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்பார்கள். ஏழு புள்ளியாவது குறையவில்லையென்றால் மருந்து நிறுத்தப்படும். கருணையும் கணக்கும் ஒரே தாளில் உட்கார்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியா நெடுங்காலம் தயங்கிவிட்டு 2018 டிசம்பரில் கடுமையான குறையுள்ள பெரியவர்களுக்கு அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியது. வசதியான நாடுகளே எண்ணியெண்ணிக் கொடுத்த மருந்து இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிப் பார்த்த பிறகு கொடுத்தார்கள்.

செலவைப் பேசுவோர் அளவைப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு நாளொன்றுக்கு முக்கால் முதல் ஒரு மில்லிகிராம் வரை ஆகும். நடுவயதுக்காரருக்குத் தொடங்குவதோ 0.2 அல்லது 0.3 மில்லிகிராம், அறுபதைத் தாண்டியவருக்கு அதிலும் பாதி. பிறகு ஐஜிஎஃப்-1ஐப் பார்த்து மெல்ல ஏற்றுவார்கள், பலருக்குச் சிறுவனின் அளவைத் தொட வேண்டியே வராது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விழுங்கும் பெண்களுக்கு மட்டும் கூடுதலாகத் தேவைப்படும். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பட்டையாக மாற்றினால் அதுவும் குறையும். போட்டி மருந்துகளும் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முதன்முதலாக அனுமதித்த ஒப்புயிரி (பயோசிமிலர்) மருந்து எது தெரியுமா? வளர்ச்சி ஹார்மோன்தான். மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அமைச்சு பேரம் பேசுவதற்கு இடமிருக்கிறது.

‘டயாலிசிஸுக்கே வரிசை நிற்கும்போது இது எதற்கு’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் எந்திரத்தோடு கிடப்பவர் முன்னால் களைப்பு பெரிதல்ல. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். பெரிய வயதில் தொடங்கும் வளர்ச்சி ஹார்மோன் குறை, வெளிநாட்டுக் கணக்குகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது. அது இங்கும் பொருந்துமென்றால், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் குளுவாங் மாவட்டத்தில் ஆண்டுக்கு மூன்று பேர். அந்த மூவரில் ஒன்பது மாதச் சோதனையைத் தாண்டித் தொடர்பவர் இருவரோ ஒருவரோ. இதனால் எந்த டயாலிசிஸ் மையமும் மூடப்படாது. மறுபக்கம், நாற்பது வயதில் வேலையைவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்ட ஒருவருக்கும் விலை இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியம், குடும்ப வருமான இழப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று அந்த விலை வேறு கணக்கேடுகளில் பதிவாவதால் மருந்தகத்தின் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பு பயத்திலிருந்து வருகிறது: வளர்ச்சி ஹார்மோன் கட்டியையும் வளர்க்காதா? இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1958இல் பாஸ்டனில் மாரிஸ் ரேபன் முதன்முதலாக இதை ஒரு குள்ளச் சிறுவனுக்குக் கொடுத்தபோது, மருந்து இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1985இல் அப்படிப் பெற்றவர்களில் சிலர் மூளையை அரிக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் இறந்தது தெரியவந்து வழங்கல் நிறுத்தப்பட்டது. பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த செயற்கை வளர்ச்சி ஹார்மோன் பாக்டீரியாவில் தயாரிக்கப்பட்டது. இன்று கிடைப்பதெல்லாம் இப்படிச் செயற்கையாகத் தயாரிப்பவைதான், பிணத்தோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. கட்டி திரும்புவதைப் பொறுத்தவரை, ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பதிவேடுகள் சிகிச்சை பெற்றவர்களிடம் அது கூடுதலாகத் திரும்பியதாகக் காட்டவில்லை. அவற்றில் பெரியவை மருந்து நிறுவனங்களே நடத்தியவை என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பதில் தவறில்லை. ஆனால் தனிப்பட்ட ஆய்வாளர்களின் முடிவும் அதே திசையில்தான் இருக்கிறது. வேறு எங்காவது புற்றுநோய் உயிர்ப்போடு இருந்தால் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு, அறுவைக்குப் பிந்தைய எம்ஆர்ஐ நிலையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்கி, பிறகும் காலம் தவறாமல் ஸ்கேன் எடுத்துவந்தால் போதும். உண்மையான தொல்லைகள் வேறு: கால் வீக்கம், மூட்டுவலி, விரல் மரத்துப்போதல், சர்க்கரை சற்று ஏறுதல். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்குபவை. இனிப்புநீர் உள்ள குடும்பத்தவருக்கு மட்டும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் ‘இளமை மருத்துவ’ நிலையங்களிலும் இதே ஊசி விற்கப்படுவதைக் காட்டி, பணக்காரர் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்போரும் உண்டு. 1990இல் அமெரிக்காவில் ரட்மன் என்பவர் அறுபது தாண்டிய ஆண்கள் 12 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துத் தசை கூடியது என்று வெளியிட்ட ஒரு சிறு ஆய்விலிருந்து அந்த வியாபாரம் கிளம்பியது. அவர்களுக்கு வெறும் முதுமைதான், சுரப்பிக் குறை அல்ல. 1999இல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்குப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது இறப்புதான் கூடியது. இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து சொல்வது ஒன்றே: இது சத்து ஊசி அல்ல, இல்லாததை நிரப்பும் மருந்து. தைராய்டு இல்லாதவர் தைராக்சின் விழுங்குவதை இளைக்க விரும்புவோரின் துஷ்பிரயோகத்தைக் காட்டி யாரும் தடுப்பதில்லை. உண்மையில் வெளிச்சந்தையின் போலிப் பேச்சுக்கு நல்ல மாற்று, அரசு மருத்துவமனையில் கறாரான சோதனையோடு கிடைக்கும் மருந்துதான்.

கடைசி மறுப்பு தூரம். ஜொகூர் பாரு 100 கிலோமீட்டருக்கு மேல். நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தின் தேசிய மையமான புத்ராஜெயா மருத்துவமனை 200க்கும் மேல். ரெங்கத்திலோ பாலோவிலோ செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர் ஒரு சந்திப்புக்கு ஒரு நாள் கூலியை இழப்பார். இதற்கான உதிரிபாகங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு மருத்துவமனை எழுதிய மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள இன்னொரு அரசு மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்ற முறை பல காலமாக நடக்கிறது. அரசு மருந்துப் பட்டியலில் இல்லாத விலையுயர்ந்த மருந்துக்கு, வசதியற்றவர் மருத்துவமனைச் சமூகநலப் பிரிவு வழியாக அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். ஊசியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது பழக்கப்பட்டதுதான். வீட்டில் இன்சுலின் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அது புதிதல்ல, பேனா ஊசியும் புதிதல்ல. வாரம் ஒருமுறை போடும் சோமபாசிடான் 2020இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி பெற்றது. அது பரவலாகும்போது தினசரி ஊசியின் சலிப்பும் குறையும். இப்போது இல்லாதது, இவற்றையெல்லாம் ஒருவரின் பெயரில் கோத்துக் கொடுக்கும் ஒரு தாள்: எந்தச் சுரப்பு போயிருக்கிறது, எப்போது மறுபடி சோதிக்க வேண்டும், எதைக் குளுவாங்கில் செய்யலாம், எதற்கு வெளியூர் போக வேண்டும், யார் பொறுப்பு. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே அந்தத் தாள் நோயாளி கையில் இருக்க வேண்டும்.

அந்த 25 கேள்விகளை எந்த மொழியில் கேட்கிறோம் என்பதும் சாதாரண விஷயமல்ல, ஏனென்றால் மருந்து கிடைப்பதும் நிற்பதும் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது. ‘எப்படி இருக்கீங்க’ என்று மருத்துவர் மலாயில் கேட்டால், நம் ஆள் ‘பரவாயில்லை டாக்டர்’ என்றுதான் சொல்வார். அது மரியாதையாகச் சொல்லும் சொல்; நிலவரம் அல்ல. கட்டியை எடுத்து உயிரைக் காப்பாற்றியவரிடம் போய்ச் சோர்வாக இருக்கிறது என்று குறைசொல்ல நாக்கு எழாது. ஆண்கள் பாலுறவு ஆர்வம் குறைந்ததை மனைவி எதிரில்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆகவே கேள்விகள் தமிழில், தனியாக, தாதியோ மருந்தாளரோ நிதானமாக உட்கார்ந்து கேட்பதாக இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர் கவனித்ததையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம். மாலையில் பிள்ளைகளோடு பேசுகிறாரா, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே இருக்கிறாரா என்பது மனைவிக்குத்தான் தெரியும்.

ஒன்பது மாதம் போட்டும் எண் அசையவில்லையென்றால் ஊசியை நிறுத்திவிட வேண்டும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருந்து பலிக்கவில்லை என்பதைக் களைப்பு பொய் என்பதற்கான சான்றாக எழுதிவிடக் கூடாது. கார்ட்டிசோன் அளவு கூடியோ குறைந்தோ இருக்கலாம், டெஸ்டோஸ்டிரோன் ஈடு செய்யப்படாமல் இருக்கலாம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்க நோய் இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம். அடுத்த சந்திப்பில் அவற்றிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.